இடப்பக்கச் சக்கரம்: சைடு கார் புல்லட்டில் லடாக் போகிறவர்களுக்கு

புல்லட்டின் இடப்பக்கம் ஒரு சைடு காரைப் பூட்டியதும் அது வேறு வண்டி ஆகிவிடுகிறது. இன்ஜின் அதேதான், ஹேண்டில்பாரும் அதேதான். ஆனால் இனி சாய்த்துத் திருப்ப முடியாது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இடப்பக்கம் வாங்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் வாங்கும். புதுச்சேரியில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் வழுவழுப்பில் இதெல்லாம் சீக்கிரம் கைக்குப் பழகிவிடும். சோஜி லா கணவாயின் சேற்றிலும் கல்லிலும் அப்படி இல்லை. அந்த மூன்றாவது சக்கரத்துக்கு இன்ஜின் விசை கிடையாது, திரும்பவும் தெரியாது, பல வண்டிகளில் பிரேக்கும் கிடையாது. ஆனாலும் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும், எங்கே கவிழும் என்பதை மலைச் சாலையில் முடிவு செய்வது அந்தச் சக்கரம்தான். புதுச்சேரியிலிருந்து கிளம்புமுன் செய்ய வேண்டிய வேலைகளில் முக்கால்வாசி அதைப் புரிந்துகொள்வதற்கான வேலை.

புல்லட்டுக்கு வடக்கு புதிதல்ல. எல்லை ரோந்துக்காக ராணுவம் கேட்டதால்தான் 1950-களில் இந்த வண்டி இந்தியாவுக்கு வந்தது. 1955-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் திருவொற்றியூரில் அதைத் தயாரித்தது. கரடுமுரடான தரையில் மூன்றாவது சக்கரத்துக்கும் விசை கொடுத்தால் எவ்வளவு உதவும் என்பதை மற்ற ராணுவங்கள் அதற்கு முன்பே கண்டிருந்தன. பிரெஞ்சு ராணுவத்தின் ‘ஞோம் எ ரோன்’ ஏ.எக்ஸ்.2 வண்டியில் சைடு கார் சக்கரமும் இன்ஜினால் சுழலும். ரஷ்யாவின் யூரல் வண்டிகளிலும் அந்த வசதி உண்டு, ரிவர்ஸ் கியரும் உண்டு. நம் புல்லட்டில் இரண்டும் இல்லை. அந்தக் குறையை ஓட்டுகிறவரும் கூட வருகிறவரும்தான் ஈடுகட்ட வேண்டும்.

பட்டறையில்

முதல் வேலை, சைடு காரைக் கழற்றிச் சட்டத்தைப் பார்ப்பது. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கம் கடலை ஒட்டி நிற்கும் வண்டி என்றால் உப்புக்காற்று வெல்டிங் இணைப்புகளில் பெயின்ட்டுக்கு அடியில் வேலை செய்திருக்கும். பெயின்ட் உப்பியிருக்கும் ஒவ்வொரு இடத்தையும் சுரண்டிப் பாருங்கள். துரு ஆழமாகப் போயிருந்தால் அந்தத் துண்டையே வெட்டி மாற்றுவது நல்லது. மேலே பற்று வைத்து ஒப்பேற்றினால் தாங்காது.

வண்டியையும் சைடு கார் பெட்டியையும் நான்கு இடங்களில் பிணைத்திருக்க வேண்டும்: கீழே இரண்டு, மேலே இரண்டு. மூன்று பிணைப்போடு ஊருக்குள் ஓடும் வண்டிகள் உண்டு. மலைக்கு அது போதாது. எல்லாவற்றுக்கும் நைலான் வளையம் உள்ள லாக் நட்டு போட்டு, நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிவிடும். ஸ்பேனரை எடுக்காமலே மாலையில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்தது அலைன்மென்ட். இதில் அவசரப்பட வேண்டாம், அரை நாள் ஒதுக்குங்கள். சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, ஓட்டுபவர், உடன் வருபவர், சாமான்கள் எல்லாவற்றையும் ஏற்றிய பிறகே அளக்க வேண்டும். வெறும் வண்டியில் எடுத்த அளவு ஆள் ஏறியதும் மாறிவிடும். மூன்று அளவுகள் முக்கியம். பக்கச் சக்கரத்தின் அச்சு, புல்லட்டின் பின்சக்கர அச்சைவிட 15 முதல் 25 சென்டிமீட்டர் முன்னால் இருக்கட்டும். பின்தங்கி இருந்தால் வலப்பக்கத் திருப்பத்தில் வண்டி பெட்டியின் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். இரண்டாவது, டோ-இன். நீளமான இரண்டு அலுமினியச் சதுரக் குழாய்களை எடுத்து, ஒன்றைப் புல்லட்டின் சக்கரங்களை ஒட்டியும் மற்றதைப் பக்கச் சக்கரத்தை ஒட்டியும் வையுங்கள். முன்பக்க இடைவெளி பின்பக்க இடைவெளியைவிட 10 முதல் 20 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் டயர் தேய்ந்துகொண்டே போகும். மூன்றாவது, புல்லட்டின் சாய்வு. கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: வண்டி சைடு காரை விட்டு வெளிப்பக்கம், அதாவது வலப்பக்கம், ஒன்று அல்லது இரண்டு டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக இடப்பக்கம் சரிந்திருக்கும். அந்தச் சரிவும் பெட்டியின் இழுப்பும் சேர்ந்து வண்டியை ஓரத்துக்குத் தள்ளுவதை இந்தச் சாய்வு சமன் செய்கிறது.

மணிக்கு 25–35 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில்பார் உதறினால் பயந்துவிடாதீர்கள், சைடு கார் வண்டிகளில் அது சாதாரணம். ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டு மலைக்குப் போகாதீர்கள். ஸ்டியரிங் டேம்பர் ஒன்று பொருத்தினால் அடங்கும். பக்கச் சக்கரத்துக்கு பிரேக் இல்லாவிட்டால் இப்போதே போட்டுவிடுங்கள். நான் வற்புறுத்திச் சொல்லும் ஒரே செலவு இது. அந்த பிரேக் இல்லாமல் இறக்கத்தில் அழுத்திப் பிடித்தால் பெட்டி முன்னால் ஓடப் பார்க்கும், வண்டி வலப்பக்கம் திரும்பும். எதிரே வரும் லாரி அங்கேதான் இருக்கும்.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துக்கொள்ளுங்கள். உயரம் போகப் போக இன்ஜினுக்கு மூச்சு முட்டும். 5,000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான், இன்ஜினின் வலுவும் அதற்கேற்பக் குறையும். இன்றைய புல்லட் 350 தனியாகவே சுமார் 195 கிலோ. பெட்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து இழுக்க வேண்டுமென்றால் பல் குறைப்பதுதான் வழி, இல்லாவிட்டால் கிளட்ச் பிளேட் கருகும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி காற்றுக்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு ஒரு அளவு சிறிய மெயின் ஜெட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், லே நெருங்கும்போது மாற்றலாம்.

ஸ்போக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. தனி புல்லட் திருப்பத்தில் சாய்ந்துகொள்வதால் சக்கரத்தின் மேல் பக்கவாட்டு விசை அதிகம் விழாது. சைடு கார் வண்டி சாயாது, அந்த விசை முழுவதும் ரிம்மிலும் ஸ்போக்ஸிலும் இறங்கும். முதலில் அறுவது பெரும்பாலும் பின்சக்கரத்தின் ஸ்போக்ஸ். ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். உதிரி ஸ்போக்ஸ், டியூப், கிளட்ச் ஒயர், ஆக்சிலரேட்டர் கேபிள், வீல் பேரிங் ஆகியவை பெட்டிக்குள் இருக்கட்டும். அதோடு, தடித்த மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கையெட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

ஆவண விஷயம் சுருக்கமானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி வண்டியின் அமைப்பை மாற்றினால் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் பதிய வேண்டும். பி.ஒய். பதிவெண்ணோடு இமாச்சலத்திலோ லடாக்கிலோ சோதனைச் சாவடியில் நிற்கும்போது விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சைடு கார் இருப்பதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஊரிலேயே பழகுங்கள்

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, காந்தி வீதியில் சந்தை கூடுவதற்கு முன், பழைய பிரெஞ்சுப் பகுதியின் நேர்நேரான வீதிகள் காலியாக இருக்கும். அங்கே அகலத்தைக் கற்றுக்கொள்ளலாம். பக்கச் சக்கரத்து மட்கார்டின் வெளியோரத்தில் ஒரு மெல்லிய கம்பியை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். உங்கள் இருக்கையிலிருந்து அந்தச் சக்கரம் தெரியாது, துணி தெரியும். ஆளில்லாத மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் நீளமாக ஒரு கோடு போட்டு, பக்கச் சக்கரம் மட்டும் அதன்மேல் போகும்படி ஓட்டுங்கள். இறங்கி வந்து டயர் தடத்தைப் பாருங்கள். கோட்டிலிருந்து உள்ளங்கை அளவுகூட விலகாமல் வரும்வரை இதைச் செய்ய வேண்டும். சோஜி லாவில் அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் பள்ளத்தாக்கு இருக்கும்.

அதே மைதானத்தில் திருப்பங்களைப் பழகுங்கள். இடப்பக்கம் வேகமாகத் திரும்பினால் பெட்டி தரையை விட்டு எழும். அப்போது ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தளர்த்தி, ஹேண்டில்பாரைக் கொஞ்சம் வலப்பக்கம் கொடுத்து, உடம்பை இடப்பக்கம் சாய்த்தால் இறங்கிவிடும். குறைந்த வேகத்தில், மெல்ல மெல்ல அதைத் தூக்கவும் இறக்கவும் கற்றுக்கொண்டால் மலையில் எதிர்பாராமல் தூக்கும்போது கை தானாகச் சரி செய்யும். இந்தப் பயிற்சியில் பெட்டியில் ஆளை உட்கார வைக்காதீர்கள், 40–50 கிலோ மணல் மூட்டை போடுங்கள். தனியாக லடாக் போவதானாலும் அந்த எடை கீழ்த்தளத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இரு சக்கர வண்டியில் ஊறிய பழக்கங்களில் ஆபத்தானது ஒன்று உண்டு: தடுமாறினால் இடது காலை ஊன்றுவது. சைடு கார் வண்டியில் அந்தக் கால் புல்லட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், பிணைப்புக் குழாய் காலை முறுக்கிவிடும். கால்கள் எப்போதும் ஃபுட்ரெஸ்ட்டில். இது உடம்புக்குள் இறங்கும்வரை ஊரை விட்டுக் கிளம்ப வேண்டாம்.

பிறகு தரை. ஆரோவில் சுற்றுவட்டாரச் செம்மண் பாதைகள் மழைக்குப் பின் நன்றாக வழுக்கும், காய்ந்தால் அலையலையாக இறுகிப்போகும். இரண்டையும் பழகலாம். திருவக்கரைப் பக்கம் கல்குவாரி லாரிகள் ஓடும் பாதைகளில் சக்கரப் பள்ளம் என்றால் என்ன என்பது தெரியும். லாரியின் இரண்டு பள்ளங்களுக்கு இடையே உள்ள தூரம் உங்கள் வண்டியின் அகலத்தைவிட அதிகம். புல்லட் ஒரு பள்ளத்தில் இருந்தால் பக்கச் சக்கரம் நடு மேட்டில் ஏறும்; பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் புல்லட் மேட்டில் போகும். விசை பின்சக்கரத்தில்தான் இருப்பதால் அதற்குப் பிடிப்பு கிடைக்கும் தடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் பெட்டி பக்கம் உயர்ந்து நிற்கும்போது இடப்பக்கம் திரும்பாதீர்கள். வண்டி வலப்பக்கம் கவிழ்வது பெரும்பாலும் அந்த இரண்டும் சேரும்போதுதான்.

கடைசிப் பாடம் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள். லே–மணாலி சாலையில் பெயர்பெற்ற கட்டா லூப்ஸ் 21 வளைவுகள்தான், ஆனால் அவை நான்காயிரம் மீட்டருக்கு மேல். கொல்லிமலையில் ஏறி இறங்கிய பிறகு பிரேக் டிரம், கிளட்ச், ஸ்போக்ஸ் மூன்றையும் பாருங்கள். இங்கே சூடேறினால் லடாக்கிலும் சூடேறும்.

எந்த வழி, எப்போது

கிருஷ்ணகிரி போய்விட்டால் அதன்பின் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகர்வரை கொண்டுபோய் விடும். ஆனால் என் கருத்தைக் கேட்டால், ஜம்மு அல்லது சண்டிகர்வரை வண்டியை லாரியில் அனுப்புங்கள். சமவெளி நெடுஞ்சாலை முழுவதும் மணிக்கு 60-ல் இழுபட்டுக் கையும் தோளும் சோர்ந்தபின் மலையைத் தொடுவதில் அர்த்தமில்லை.

கடல்மட்டத்தில் வாழும் நமக்கு மணாலி வழியைவிட ஸ்ரீநகர் வழி நல்லது. மணாலியிலிருந்து 2020-ல் திறந்த அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி ஓரிரு நாளில் பாரலாச்சா லா, லாச்சுலுங் லா, 5,300 மீட்டருக்கு மேல் உள்ள தங்லாங் லா என்று ஏறிவிடுவோம். உடம்புக்கு நேரமே கிடைக்காது. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், சோஜி லா 3,528, கார்கில் மறுபடி 2,700-க்குள், பிறகு ஃபோட்டு லா 4,108, லே 3,500. ஏறியும் இறங்கியும் போவதால் உடம்பு பழகும். 2025 ஜனவரியில் சோனமார்க் சுரங்கப்பாதையும் திறந்துவிட்டது. லே போனதும் இரண்டு முழு நாள் வண்டியைத் தொடாமல் ஓய்வெடுங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாதீர்கள். மூச்சுத் திணறலோ தள்ளாட்டமோ வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும். லேயில் சோனம் நுர்பூ நினைவு மருத்துவமனை இருக்கிறது. மலைநோய் மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நண்பர் சொன்னார் என்று விழுங்க வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர்வரை ஏற்ற காலம். பாங்காங், நுப்ரா போன்ற எல்லைப்பகுதிகளுக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதைக் கிளம்புமுன் லே நிர்வாகத்தின் இணையதளத்தில் பாருங்கள். நம் ஊர் பிரீபெய்ட் சிம்மை நம்பாதீர்கள், போஸ்ட்பெய்ட் எடுத்துப் போங்கள். திரும்பும்போது மணாலி வழியில் வருவதானால் பெட்ரோலைக் கணக்குப் போடுங்கள். அந்த வழியில் ‘தாண்டி’ என்ற ஊரின் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்று பலகை வைத்திருந்தது பிரபலம். பெட்டியோடு ஓடும் புல்லட்டுக்கு மைலேஜ் நன்றாகக் குறையும், டேங்க்கோ 13 லிட்டர்தான். உபரி பெட்ரோல் கேனை ஆள் உட்காரும் பெட்டிக்குள் வைக்காதீர்கள், வெளியே பின்புறம் கட்டுங்கள்.

மலையில்

சோஜி லாவில் பல நாள்களில் போக்குவரத்தை ஒருவழியாக நேரம் பிரித்து விடுவார்கள். முந்தின மாலையே விசாரித்து, உங்கள் நேரத்தில் முதல் ஆளாக நில்லுங்கள். பின்னால் வரும் லாரிகளுக்கு வழிவிட்டுக்கொண்டே ஏறுவது, அவற்றின் புழுதிக்குள் ஏறுவதைவிடப் பாதுகாப்பு.

எதிரே வண்டி வந்தால் அகலமான இடத்தில் முன்கூட்டியே நின்றுவிடுங்கள். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. ராணுவ வாகன வரிசை வந்தால் எப்படியும் ஒதுங்கத்தான் வேண்டும். ஒதுங்கும் பக்கம் பள்ளத்தாக்காக இருந்தால் உடன் வருபவரை இறக்கி, ஓரத்தின் மண் கெட்டியா என்று பார்க்கச் சொல்லுங்கள். தார் ஓரம் அடியில் அரித்துப்போய் மேலே மட்டும் நிற்பது மழைக்காலத்தில் சாதாரணம். பெட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சக்கரத்தைக் கவனிப்பதுதான் வேலை. “ஓரம்”, “கல்லு”, “போ” என்று மூன்று சொல் முன்பே பேசி வைத்துக்கொண்டால் போதும், காற்றில் நீண்ட வாக்கியம் காதில் விழாது.

ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் ரிவர்ஸ் இல்லாத இந்த வண்டியைப் பிடித்து வைப்பது கடினம். லாரி கிளீனர்கள் செய்வதைச் செய்யுங்கள்: உடன் வருபவர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். கயிறு கட்டியிருப்பதால் வண்டி நகர்ந்ததும் கட்டை தானாகக் கூட வரும். முன் பிரேக் லீவரை இறுக்கிக் கட்ட ஒரு ரப்பர் பட்டையும் வைத்திருங்கள்.

பனி உருகி சாலையைக் கடக்கும் ஓடைகளைக் காலையில் தாண்டுங்கள். வெயில் ஏற ஏற நீர் கூடும், காலையில் பார்த்த அதே ஓடையாக மாலையில் இருக்காது. ஆழத்தைக் கம்பால் பார்த்து, முதல் கியரில், நிறுத்தாமல், ஒரே வேகத்தில் போக வேண்டும். மூடிய பெட்டி நீரில் மிதக்கப் பார்க்கும். அதனால் அடியில் ஓட்டைகள் இருப்பதும், உள்ளே எடை இருப்பதும் அவசியம். தாண்டியதும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காயவிடுங்கள்.

டயர் காற்றைக் காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். உயரத்தில் வெளிக்காற்றழுத்தம் குறைவதால் ஊரில் அடித்த காற்று அங்கே அளவுமானியில் கூடுதலாகக் காட்டும். குளிர் அதைக் கொஞ்சம் குறைக்கும். கரடுமுரடான தரையில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. குறைத்தால் மூன்று சக்கரங்களும் தனித்தனியே துள்ளுவது அடங்கும். தார் வந்ததும் மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.

இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்காரர்கள்

கால் முடியாதவர்களுக்காக இருபுறமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை நம் ஊரிலும் தமிழ்நாட்டிலும் தினமும் பார்க்கிறோம். சாலைச் சரிவையும் வேகத்தடையையும் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. சைடு கார் ஓட்டப் போகிறவர் ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர்களில் ஒருவர் லடாக் போக நினைத்தால் தடை ஒன்றும் இல்லை, கணக்கு மட்டும் வேறு. இந்த வண்டிக்கு நடுவில் ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று என்று மூன்று தடம். பள்ளத்தை நடுவில் விட்டுத் தாண்டவே முடியாது. பக்கச் சக்கரங்கள் மேட்டில் ஏறி நடுச்சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் விசை போய்விடும், வண்டி நின்றுவிடும். சக்கரமும் சிறியது, தரைக்கும் வண்டிக்கும் இடைவெளியும் குறைவு. அதனால் தார் உள்ள ஸ்ரீநகர்–லே சாலையோடு நிறுத்திக்கொண்டு, சோஜி லாவை மட்டும் உலர்ந்த நாளில், துணை வண்டியோடு தாண்டுவது நல்லது. உட்காரும் நேரம் நீள்வதால் புண் வராமல் இருக்கக் காற்றுத் திண்டு, ஒரு மணிக்கு ஒருமுறை இடம் மாறுவது, குளிரில் கால் உணர்ச்சி இல்லாதவர்கள் பாதத்தை அடிக்கடி கண்ணால் பார்ப்பது: இவை வண்டியின் எந்த உதிரி பாகத்தையும்விட முக்கியம்.

இறங்குவதற்கு முன்

லே நகரில் புல்லட் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. திரும்புவதற்கு முந்தின நாள் வெள்ளைக் கோடுகளைப் பார்த்து, நட்டுகளை இறுக்கி, ஸ்போக்ஸைத் தட்டிப் பார்த்து, பக்கச் சக்கர பேரிங்கை அசைத்துப் பாருங்கள். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் டோ-இன் மாறிவிட்டது, பிணைப்பில் ஏதோ வளைந்திருக்கிறது. அங்கேயே சரிசெய்யுங்கள். சிறிய ஜெட் போட்டிருந்தால் சமவெளிக்கு வருமுன் பழைய ஜெட்டை மாட்டிவிடுங்கள். கீழே காற்று அடர்த்தி, அந்தச் சிறிய ஜெட்டோடு ஓட்டினால் பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் கொதிக்கும். இறங்க இறங்க டயர் காற்று குறைவாகக் காட்டும், ஸ்ரீநகரிலோ மணாலியிலோ மூன்று சக்கரத்துக்கும் அடித்துக்கொள்ளுங்கள்.